எந்தத் தோமே?

சிசுவோகா
20 மார்ச் 1985

நிதனாய் ஹட்சுயே அம்மாவுக்கு,

இங்கே பிளம் பூக்கள் உதிர்ந்து முடிந்துவிட்டன. வடக்கே உங்கள் மலையோரத்தில் பனி இன்னும் கூரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் தோமெகிச்சி அவர்களின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு நெருங்குகிறது. நேரில் வந்து ஊதுவத்தி ஏற்ற வேண்டியவன் நான். தொழிலாளர் ஆய்வாளர் எந்த நேரமும் கூப்பிடலாம் என்பதால் ஊரைவிட்டு நகர முடியவில்லை. எங்கள் பக்கத்துத் தேயிலையும் ஊதுவத்தியும் தனியாக அனுப்பியிருக்கிறேன், ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நடந்ததை உங்கள் அண்ணன் கன்ரொக்கு சொல்லியிருப்பார். அரிசி மதுவுக்காகப் புளித்த கூழைப் பிழிய எடுத்த பிறகு தொட்டியின் அடியில் கனத்த வாயு தங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. அது வெளியேறும் முன்பே உங்கள் கணவர் கழுவுவதற்கு இறங்கிவிட்டார். அந்த வாயுவை வெளியேற்றக் காற்று ஊதும் இயந்திரம் ஒன்றைப் போன வருடமே வாங்கிக் கிடங்கில் வைத்திருந்தேன். அதை ஏன் எடுக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எங்கள் ஆலையில் வடிப்போர் தலைவரான தோஜிதான் எல்லாம். ஆட்களைப் பொறுக்கி அழைத்து வருவதும் வேலை கற்றுக்கொடுப்பதும் அவர். ஒவ்வொரு நவம்பரிலும் உங்கள் அண்ணன் ஆட்களோடு வந்து இறங்கும்போது, "எல்லாம் உங்க கையில" என்று சொல்லித் தலைவணங்குவேன். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கணவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி இருந்ததா என்று ஆய்வாளர் கேட்கிறார். இருந்தது என்று உங்கள் அண்ணன் என்னிடம் சொல்லியிருக்கிறார். நீங்களும் அதை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது.

செனோ தகமிச்சி

*

கமிசவா
27 மார்ச்

முதலாளிக்கு,

எங்கள் ஊர்ப் பனியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என் வீட்டுக்காரர் பெயர் தோமெஸோ. நிதனாய் தோமெஸோ. தோமெகிச்சி மூன்று வீடு தள்ளி இருக்கிறார், சாவுக்குப் பிறகு மற்ற ஆட்களோடு ஊர் திரும்பியவர். உங்கள் கடிதம் வந்த அன்று கூரையில் ஏறிப் பனி தள்ளிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். தான் செத்துப்போன செய்தியைத் தானே படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போய், ஊற்றி வைத்த தேநீரைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

பத்துக் குளிர்காலம் என் வீட்டுக்காரர் உங்கள் ஆலையில் இருந்தார். நவம்பரில் போய் ஏப்ரலில் வருவார். எங்கள் வீட்டில் புத்தாண்டு என்றால் அவர் இல்லாத சாப்பாட்டு மேசைதான். அந்தப் பத்து வருடத்தையும் தின்றுவிட்டு, அவர் பெயரைக்கூட நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ளவில்லை. இந்த லட்சணத்தில் அவருக்குப் பயிற்சி இருந்தது என்று நான் எழுதித் தர வேண்டுமாம். யாருக்கு இருந்தது? தோமெகிச்சிக்கா, தோமெஸோவுக்கா? உங்களுக்கே தெரியாததை என் கையால் எழுதச் சொல்கிறீர்கள்.

போன கோடையில் கூட்டுறவுச் சங்கத்தில் அந்த வகுப்பு நடந்தது. அந்த வாரம் எங்கள் புகையிலையைப் பறித்துக் காயப்போட வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் போகவில்லை. அண்ணன் போனார். திரும்பி வந்து, "நான் கேட்டாச்சு, நம்ம கூட்டமே கேட்ட மாதிரிதான்" என்றார். இவரும் சரி என்று சொல்லிவிட்டுப் புகையிலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

இதைத்தான் நான் எழுதித் தர முடியும். வேண்டுமா?

தேயிலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஊதுவத்தியை வைத்துக்கொண்டேன். அது அவருக்கு வந்தது.

நிதனாய் ஹட்சுயே

*

சிசுவோகா
4 ஏப்ரல்

ஹட்சுயே அம்மாவுக்கு,

பெயரைத் தவறாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆலையில் எல்லோரும் "தோமே" என்றுதான் கூப்பிடுவார்கள். முழுப் பெயர் என் காதில் விழுந்ததே இல்லை. சமாதானம் சொல்வதாக நினைக்காதீர்கள்.

ஆனால் நீங்கள் என்னை ஏதோ இரக்கமில்லாத ஆள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். நானும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா போன பிறகு ஆலை என் கைக்கு வந்த முதல் வருடம். டோக்கியோவில் படித்துவிட்டு வந்த சூடு. தொட்டி அறைக்குள் போய், இந்த வேலைக்கு எல்லோருக்கும் முறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறதா என்று ஆட்களை நேராகவே கேட்டேன். உங்கள் அண்ணன் கையிலிருந்த கூழ் கிண்டும் துடுப்பைச் சுவரில் சாய்த்துவைத்தார். "சின்ன முதலாளி, என் ஆளுங்கள நீங்களே கேட்டுக்கிறதா இருந்தா, கூழையும் நீங்களே கிண்டிக்கலாமே. நாங்க ராத்திரி வண்டிக்குக் கெளம்புறோம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மூட்டைகள் உண்மையிலேயே முற்றத்துக்கு வந்துவிட்டன. கூழ் பாதியில் நிற்கிறது. நான் எல்லோர் முன்பும் குனிந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மூட்டைகள் உள்ளே போயின. அன்றிலிருந்து தொட்டி அறைக்குள் நான் கால் வைப்பதில்லை.

அப்படியும் இந்த வருடம் கேட்டேன். சட்டம் கடுமையாகிவிட்டது, தொட்டி கழுவுகிறவர் பயிற்சிக்குப் போனாரா என்று டிசம்பரில் உங்கள் அண்ணனைக் கேட்டேன். "தொட்டி கழுவுறது தோமே. தோமே போன கோடையிலயே போய்ட்டு வந்தாச்சு, நிம்மதியா இருங்க" என்றார்.

நான் கேட்டேன். எனக்குப் பதில் கிடைத்தது. இயந்திரமும் வாங்கி வைத்தேன். இதற்கு மேல் ஒரு முதலாளி என்னதான் செய்ய வேண்டும், நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்பதற்கு முன் உங்கள் அண்ணனைக் கேளுங்கள்.

செனோ தகமிச்சி

*

கமிசவா
12 ஏப்ரல்

முதலாளிக்கு,

கேட்டேன். இரண்டு பேரையும் கேட்டேன்.

முதலில் தோமெகிச்சி வீட்டுக்குப் போனேன். முள்ளங்கி ஊறுகாயை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். உங்கள் இரண்டாவது கடிதத்தில் "தோமே போய்ட்டு வந்தாச்சு" என்ற இடத்தைக் காட்டி, "எந்தத் தோமே?" என்றேன்.

"நான்தான் அக்கா" என்றார். "வகுப்புக்குப் போனது நான். தொட்டி கழுவுறது எப்பவும் என் வேலை. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். படுத்த எடத்துலேர்ந்து எந்திரிக்க முடியல. அரிசி அவிக்கிற எடத்துலேர்ந்து தோமெஸோவ உங்க அண்ணன் அனுப்பிட்டாரு."

"வாயு இருக்கும்னு அவருகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லணும்னு நெனச்சேன். ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருந்தேன். முற்றத்துல முதலாளி நின்னுக்கிட்டிருந்தாரு. பிரஷ்ஷும் வாளியுமா தோமெஸோ போறான். முதலாளி அவனப் பாத்து, 'தோமே, இன்னிக்கும் நீங்கதானா, பாத்துக்கோங்க'ன்னாரு. முதலாளியே பாத்து அனுப்புறாரு, அப்ப விசாரிச்சுத்தான் அனுப்பியிருப்பாங்கன்னு நெனச்சு போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டேன் அக்கா."

அதன் பிறகு அவர் அழுதார். நான் அழவில்லை.

முதலாளி, அரிசி அவித்த கையோடு ஒருவர் உங்கள் முன்னால் நடந்து போகிறார். தோமெகிச்சி குள்ளம், முன்பல் ஒன்று இல்லை. என் வீட்டுக்காரர் கதவு நிலையில் குனிந்து போகிற உயரம். அந்த முகத்தைப் பார்த்து "இன்னிக்கும் நீங்கதானா" என்று கேட்டிருக்கிறீர்கள். அவரும் தலையாட்டியிருப்பார். முதலாளி பேசியதே பெரிய மரியாதை என்று நினைக்கிற மனுஷன்.

பிறகு அண்ணனிடம் போனேன். உருளைக்கிழங்கில் முளை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் விடவில்லை.

"காய்ச்சல்காரனுக்குப் பதிலா இவர அனுப்பினியே, இவரு வகுப்புக்குப் போகலன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"நான் போயிருந்தேனே."

"தொட்டிக்குள்ள நீயா எறங்கின?"

கிழங்கைக் கீழே வைத்தார். "ஆய்வாளர் கூப்பிட்டிருக்காரு. எல்லாம் என் தப்புன்னு சொல்லிடப் போறேன் ஹட்சு. நான்தான் தோஜி. செனோ வீட்டுக்குக் கெட்ட பேரு வரக் கூடாது" என்றார்.

உங்களை நம்பி வந்தவரைப் பறிகொடுத்துவிட்டு, உங்கள் வீட்டுப் பெயரைப் பற்றிக் கவலைப்படுகிறார் என் அண்ணன். அவர் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் நான்கு நாளாக அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆனால் அவரைத் தனியாகச் சிறைக்கு அனுப்ப நான் விடமாட்டேன்.

என் வாக்குமூலம் வாங்க இங்கத்து ஆய்வாளர் வந்திருந்தார். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். "ஆளுக்குப் பயிற்சி கொடுக்கிறதும், கொடுத்தாச்சான்னு பாக்கிறதும் முதலாளி வேலைம்மா. இன்னொருத்தர் சொன்னாருன்னு இருந்துட முடியாது" என்றார். தோஜி என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இல்லையாம்.

25ஆம் தேதி விசாரணை. அண்ணன் வருகிறார். அவர் எல்லாம் தன் தப்பு என்று சொல்லும்போது நீங்கள் அதே அறையில் இருப்பீர்கள். உங்கள் பங்கை நீங்கள் சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

நிதனாய் ஹட்சுயே

*

சிசுவோகா
20 ஏப்ரல்

ஹட்சுயே அம்மாவுக்கு,

விசாரணை முடியும்வரை எதையும் எழுத்தில் கொடுக்கக் கூடாது என்று எங்கள் வழக்கறிஞர் சொல்கிறார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செனோ

*

கமிசவா
3 மே

முதலாளிக்கு,

அண்ணன் வந்து சேர்ந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். "நான் சொன்னேன். முதலாளி தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாரு. அப்புறம் ஸ்டேஷன் வரைக்கும் வந்து எனக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக் குடுத்தாரு. நல்ல மனுஷன்" என்றார்.

விலாங்கு மீன் பொட்டலமாம். எனக்கென்று பாதியை மீதி வைத்துக் கொண்டுவந்திருந்தார். தூக்கி வாய்க்காலில் எறிந்தேன்.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்து பொய் சொல்லியிருந்தால்கூட ஒரு மாதிரி. தலையைக் குனிந்துகொண்டு இருந்தீர்களாம். அந்தத் தலைகுனிவைத்தான் நவம்பரிலும் செய்வீர்கள் இல்லையா, "எல்லாம் உங்க கையில" என்று சொல்லிக்கொண்டு. எங்கள் ஊர் ஆட்கள் அதைப் பணிவு என்று நினைத்துக் குளிர்ந்துபோனார்கள். அது பணிவு இல்லை. சுமையைக் கைமாற்றுகிற சாமர்த்தியம். உங்கள் அப்பா செய்தார், நீங்களும் செய்தீர்கள், என் அண்ணனும் அதையே கௌரவம் என்று நினைத்துத் தலையில் தூக்கிக்கொண்டார்.

கமிசவாவிலிருந்து இனி உங்கள் ஆலைக்கு ஆள் வராது. மற்ற வீட்டுப் பெண்களிடமும் பேசிவிட்டேன். தோமெகிச்சியின் வீட்டுக்காரி, "என் புருஷன் பேரு ஒரு தடவ செத்தது போதும்" என்று சொல்லிவிட்டாள். கூழை நீங்களே கிண்டிக்கொள்ளுங்கள்.

ஹட்சுயே

*

சிசுவோகா
16 ஜூலை

ஹட்சுயே அம்மாவுக்கு,

வழக்கறிஞருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உங்கள் மே மாதக் கடிதத்தை ஜூனில் மறுபடியும் படித்துவிட்டுக் கோபத்தில் கிடங்குக்குப் போனேன். அந்த இயந்திரத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும், நான் வாங்கி வைத்தேன் என்பதை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற எண்ணம். கடையில் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. நானே அவிழ்த்தேன். தொட்டி அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பல வருடத்துக்குப் பிறகு அங்கே கால் வைத்தேன். குழாயைத் தொட்டிக்குள் இறக்கினேன்.

அடிவரை எட்டவில்லை. தரையிலிருந்து என் உயரத்துக்கு மேலேயே தொங்கிக்கொண்டு நின்றது.

அன்று உங்கள் கணவர் இயந்திரத்தை எடுத்திருந்தாலும் அடியில் இருந்த வாயு அப்படியே இருந்திருக்கும். இதைக் காட்டித்தான் நான் என் கடமையைச் செய்தேன் என்று ஆய்வாளரிடமும் உங்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்கியது நான். பெட்டியைத் திறந்து பார்க்காததும் நான். யாரிடம் பழியைப் போட முடியும் என்று அந்தத் தொட்டி வாயில் நின்று யோசித்தேன். ஒருவரும் மிஞ்சவில்லை.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே ஆய்வாளரிடம் போனேன். முன்பு சொன்னதை மாற்ற வேண்டும் என்றேன். வகுப்புக்குப் போகாத ஆளை வேலைக்கு விட்டது, யார் என்றுகூடப் பார்க்காமல் முற்றத்தில் நின்று வழியனுப்பியது, குழாய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "இத ஏப்ரல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். வழக்கு இப்போது என் பெயரிலும் ஆலையின் பெயரிலும் இருக்கிறது. உங்கள் அண்ணன் பெயரை எடுத்துவிட்டார்கள். அவருக்குத் தனியாகத் தகவல் வரும்.

பிறகு நானும் இங்கே நடந்த அதே வகுப்புக்குப் போனேன். மீன்பிடிப் படகுக்காரர்கள், சாக்கடை வேலைக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். "உள்ளே ஒருத்தர் விழுந்துட்டார், முதல்ல என்ன செய்வீங்க?" என்று ஆசிரியர் கேட்டார். எல்லோரும் குதிப்போம் என்றார்கள். நானும்தான். "அப்ப ரெண்டு பொணம்" என்றார். பெரிய படிப்பெல்லாம் படித்தவன் நான், இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நவம்பரில் ஆலையைத் திறக்க வேண்டும். உங்கள் அண்ணன் இல்லாமல் எனக்கு வழியில்லை. அவருக்கு எழுதினேன், பதில் இல்லை. உங்களிடம் கேட்பதற்கு எனக்கு முகமில்லை. இருந்தும் கேட்கிறேன்.

செனோ தகமிச்சி

*

கமிசவா
2 அக்டோபர்

முதலாளிக்கு,

இந்தத் தடவை பனியையும் பூவையும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள். படிக்க முடிந்தது.

நீங்கள் போய்ச் சொன்னதற்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. அது உங்கள் வேலை. ஏப்ரலில் செய்யவேண்டியதை ஜூனுக்குத் தள்ளியதால், என் அண்ணன் நெல் நாற்றுக் காலம் முழுக்க வயலில் இறங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குழாய் பற்றிய இடத்தைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். உங்களை அடித்திருப்பேன், பக்கத்தில் இருந்திருந்தால்.

அண்ணன் வர மாட்டேன் என்றார். "என் கூட்டத்த நான் கேட்டுக்குவேன்னு சொல்லிச் சொல்லியே ஒருத்தனக் கொன்னுட்டேன் ஹட்சு, இனிமே எந்த வாய வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்" என்றார். "கூப்பிடாத. ஒவ்வொருத்தரையா அழைச்சுக்கிட்டுப் போய் வகுப்புல உக்கார வை" என்றேன். இந்தக் கோடையில் புகையிலையை விட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். வெயிலில் இலை பாதி கருகியது. கருகட்டும் என்று பெண்கள் நாங்கள் சொல்லிவிட்டோம். அண்ணனும் இரண்டாம் முறையாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

ஆட்கள் வருகிறார்கள். ஆனால் இப்படித்தான் வருவார்கள்.

வந்து இறங்குகிற அன்று வாசலில் நீங்கள் நிற்க வேண்டும். "எல்லாம் உங்க கையில" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்தால் அடுத்த வண்டிக்கே திரும்பிவிடுவோம். ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்து, முழுப் பெயரைக் கேட்டு, என்ன வேலைக்கு என்ன கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்று நீங்களே கேட்க வேண்டும். அண்ணன் துடுப்பைச் சுவரில் சாய்க்க மாட்டார், அதற்கு நான் பொறுப்பு. ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால், பதில் ஆள் இறங்கும் முன் மறுபடியும் கேட்க வேண்டும். தொட்டி அடியைத் தொடுகிற குழாய் வேண்டும். அதை நாங்கள் வந்து இறக்கிப் பார்ப்போம்.

ஆட்களுக்குச் சமைக்க இந்த வருடம் நான் வருகிறேன். சமைப்பது மட்டும் இல்லை. நானும் வகுப்பில் உட்கார்ந்தேன். ஆள் உள்ளே இறங்கினால் தொட்டி வாயில் ஒருவர் காவல் நிற்க வேண்டும் என்று சொன்னார்கள். அந்த வேலை எனக்கு. பெண்கள் தொட்டி அறைக்குள் வரக் கூடாது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

காவல் நிற்கிறவர் வேறெதுவும் செய்யக் கூடாதாம். உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். பதில் வருகிறவரை ஆள் இருக்கிறார். பதில் நின்றால், குதிக்காமல், கயிற்றை இழுத்து மற்றவர்களைக் கூப்பிட வேண்டும். அரைப் பெயர் ஆகாது, ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம், முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று ஆசிரியர் சொன்னார். வகுப்பில் எல்லோரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பழகினார்கள். என்னோடு ஜோடி சேர்ந்தவர் தோமெகிச்சி. அவர் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார், நான் மேலே நின்று கூப்பிட்டேன். எனக்கு வாயில் வேறு பெயர் வந்துவிட்டது. தோமெகிச்சி அதற்கும் "இருக்கேன்" என்றார்.

அன்று முற்றத்தில் நீங்கள் "தோமே" என்று கூப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரரை யாரும் கூப்பிடவில்லை.

நிதனாய் ஹட்சுயே